நிதானம் எழுதச் சொன்ன வரி

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் நிதானம். பதினாறு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். மாலை வகுப்பில் புரோகிராம் எழுதக் கற்று, நாற்பத்திரண்டு வயதில் எங்கள் ஆபீசுக்குத் தற்காலிக ஊழியராக வந்தார். எனக்கு எதிர் நாற்காலி. கீபோர்டை இரண்டே விரலால் தட்டுவார். முதல் வாரம் மனசுக்குள் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

எங்கள் இணையதளத்தில் ஜனங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்ப்பார்கள். வருகிற கோரிக்கையை வாங்கி, உரிய பக்கத்தைத் தயாரித்து அனுப்புகிற புரோகிராமை ஹேண்ட்லர் என்போம். முடிவுகளுக்கான ஹேண்ட்லர் நான் எழுதியது. நாலு வருஷம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆய்வகம் புது வடிவில் முடிவுகளை அனுப்ப ஆரம்பித்ததும் திணறியது. பாதிப் பேருக்கு வெள்ளைப் பக்கம்.

"சர்வரை நிறுத்திட்டு சரி பண்றேன் மேடம்," என்றேன் எங்கள் மேலாளரிடம்.

"எதுக்கு தம்பி? உள்ள ஆள் இருக்கறப்ப கரண்டைப் பிடுங்குவாங்களா?" என்றார் நிதானம்.

வடிவம் மாறப்போவதாக ஆய்வகம் அனுப்பியிருந்த கடிதத்தை அவர் ஒருவர்தான் படித்திருந்தார். புது ஹேண்ட்லரும் தயாராக வைத்திருந்தார். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, புது வடிவத்தில் வந்ததையெல்லாம் என்னுடையதிலிருந்து தன்னுடையதுக்குத் திருப்பிவிட்டார். ஒரே வரி. பக்கங்கள் நிரம்பின.

மேடம் நிதானத்தின் மேசையில் சாய்ந்து நின்று சிரித்தார். "திங்கட்கிழமை உங்களை நிரந்தரமாக்குற பேச்சு எடுக்கறேன்."

நாலு வருஷத்தில் என் மேசையில் அவர் ஒரு தடவைகூடச் சாய்ந்ததில்லை. வயிறு எரிந்தது.

மத்தியானம் மகளின் நீச்சல் போட்டிக்குக் கிளம்பிய நிதானம் என்னிடம் வந்தார். "இப்ப திருப்பிவிட்டது சர்வரோட ஞாபகத்துலதான் இருக்கு. அதை நிறுத்தி ஆரம்பிச்சா போயிடும். அந்த வரியை ஃபைல்லயும் எழுதிடுப்பா."

"சரிண்ணே."

எழுதவில்லை. மறக்கவும் இல்லை. ஃபைலைத் திறந்தேன், கர்சர் கண்சிமிட்டியது, டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஞாயிறுதோறும் சர்வர் தானாக நின்று மறுபடி கிளம்பும். திங்கள் காலை எல்லாக் கோரிக்கையும் என் பழைய ஹேண்ட்லரிடமே வந்து நின்றது. குழந்தையின் முடிவுக்காக ஒரு அப்பா பதினோரு தடவை போன் பண்ணியிருந்தார்.

"யாரு ஃபைல்ல எழுதாம விட்டது?" என்றார் மேடம்.

நிதானம் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் மேடம். போட்டிக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன்."

"அப்ப அந்தப் பேச்சை அப்புறம் பார்க்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு விரலால் மறுபடி திருப்பிவிட ஆரம்பித்தார். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார் அந்தப் பொய்யை! எனக்கு அதன் மேலும் பொறாமை வந்தது.

மேடம் நகர்ந்ததும், "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"அங்க ஜனங்க வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. நீ வாயைத் திறந்து சொல்லி முடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுமே."

உண்மைதான். எனக்குப் பேச வராது.

ஃபைலைத் திறந்து அந்த வரியை எழுதினேன். எங்கள் ஆபீசில் எதை மாற்றினாலும் காரணக் குறிப்பு போட வேண்டும். குழு முழுக்க அதைப் படிக்கும். 'வெள்ளிக்கிழமையே என்னை எழுதச் சொன்னார். வேண்டுமென்றே விட்டேன்' என்று போட்டு அனுப்பினேன்.

கண்ணாடி அறைக்குள் மேடம் திரையை இரண்டு தடவை படித்தார். எழுந்து வந்தார். என் காது சுட்டது.

என்னைத் தாண்டிப் போய் நிதானத்தின் மேசையில் சாய்ந்தார்.