வாய் திறக்காத பத்து விநாடி

நான் இப்போது பர்மனென்ட். எப்படி ஆனேன் என்று யாரும் கேட்டதில்லை.

மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் அப்போது எட்டு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்தேன். என்னோடு வேலை பார்த்த அவளும் காண்ட்ராக்ட்தான், வந்து எட்டு மாதம்தான். முதலியார்பேட்டைப் பெண், எப்போதும் சிரித்த முகம். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலியாக இருந்ததோ ஒரே ஒரு பர்மனென்ட் இடம்.

எங்கள் எச்.பி.எல்.சி. மெஷினில் மாத்திரைக் கரைசலைச் செலுத்தினால், மெத்தனாலும் உப்புக் கரைசலும் அதைச் சாண் நீள எஃகுக் குழாய் வழியே தள்ளிக்கொண்டு போகும். மருந்து தனியாக, கசடு தனியாக வெளியே வந்து, திரையில் ஆளுக்கொரு கூம்பாக இரண்டு பீக் விழ வேண்டும். எங்களுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே விழுந்தன. மெத்தனாலைக் கூட்டினேன், குறைத்தேன், தலைகீழாக நின்று பார்த்தேன், பிரியவில்லை. அவள் உப்புக் கரைசலின் அமிலத்தன்மையைத் துளி மாற்றினாள். ஒரே நாளில் இரண்டும் விலகி நின்றன. மேனேஜர் கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

வேலை முடிந்ததும் முதலில் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். தனி மெத்தனாலை நேராக விட்டால் உப்பு உள்ளேயே கட்டிப்பட்டுக் குழாயை அடைத்துவிடும். அன்று சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பேசிக்கொண்டே மெஷின் உறிஞ்சும் டியூபைத் தூக்கி, தண்ணீருக்குப் பதில் மெத்தனால் பாட்டிலில் போட்டாள். நான் பார்த்தேன். மெஷினை ஓட விடுவதற்குள் பத்து விநாடி இருந்தது. வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல நின்றேன். அவள் பட்டனைத் தட்டிய பிறகு, "கெளம்பு, பஸ் போய்டும்" என்றேன்.

காலையில் குழாய் அடைத்துக் கிடந்தது. கைவசம் வேறு குழாய் இல்லை. சோதனை முடியாமல், அனுப்ப வேண்டிய மருந்து நின்றுபோனது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்து, "தண்ணி விட்டுக் கழுவணும்னு கூடத் தெரியாத நீயெல்லாம் எதுக்கு லேபுக்கு வர்ற?" என்று கத்தினார். அன்றே வேலை போயிற்று.

பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. பாக்கலயா?"

"பாக்கலம்மா. பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டனா?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்க்கா. இங்க எனக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

கையை விடுவித்துக்கொண்டேன். அந்த உப்புக் கரைசல் அளவெல்லாம் அவள் எழுதின நோட்டை மட்டும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.