படுத்துப் பார்த்தவள்

அரசாங்கக் கட்டட இலாகாவில் இளநிலைப் பொறியாளராக இருந்த அவருக்குச் சாக்பீஸ் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

அந்த இலாகாவில் வழக்கமாக ஒரு கம்பெனி கட்டடத்தை வரையும், இன்னொன்று கட்டும். ஒழுகினால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். நடுவில் கட்டடம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் என்றதும், வரைவதையும் கட்டுவதையும் ஒரே கம்பெனியிடம் விடவேண்டும் என்று இவர் மேலிடத்தில் ஒற்றைக் காலில் நின்றார். அப்படியானால்தான் சீக்கிரம் முடியும். அவருக்கு அவசரம் இருந்தது. மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு முறை நகரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய், பிழிந்துபோட்ட துணியாகத் திரும்ப அழைத்துவந்தார். புது ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு வருகிறது.

அஸ்திவார வேலை ஒரு பக்கம் நடக்கும்போதே, காலிக் கிடங்கின் தரையில் டயாலிசிஸ் வார்டை முழு அளவில் சாக்பீஸால் வரைந்து, நர்சுகளைக் கட்டில் தள்ளச் சொன்னார். அந்தக் கோடுகளின் மகிமையை என்னவென்று சொல்ல! ஒரு டாக்டர், அங்கே இல்லாத கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனார். கிடங்குப் பூனைகூடச் சுவரைச் சுற்றித்தான் போனதாம். எலியைக் கண்டால் மட்டும் ஏறிக் குதித்ததாம். கட்டில் திரும்பாத இடத்தில் கம்பெனியின் வரைபடக்காரியும் மேஸ்திரியும் அங்கேயே சண்டை போட்டு, ஈரத்துணியால் சுவரைத் துடைத்துத் தள்ளிப் போட்டார்கள்.

ஒருநாள் மனைவி வந்தாள். "உங்க மாளிகைய நானும் பாக்கறேன்" என்று கட்டிலில் படுத்தாள். ஜன்னலுக்குக் கீழே வரும் சுவரின் உயரத்துக்கு அட்டை கட்டியிருந்தது.

"ஏங்க, ஜன்னல் எங்க?"

"அட்டைக்கு மேல."

"நின்னா தெரியும். படுத்தா விட்டம்தான் தெரியுது. மணிக்கணக்கா மெஷின்ல கெடக்கறவ எழுந்து நிக்கவா போறா?"

அதுவரை வந்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டே சரிபார்த்தவர்கள்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சார், வெளிச்சுவர்த் துண்டெல்லாம் முன்கூட்டியே கான்கிரீட்ல வார்த்து வச்சாச்சு. ஜன்னலை இறக்கினா மறுபடி வார்க்கணும். அப்புறம் திறப்பு மழை முடிஞ்சுதான்."

சாக்பீஸ் மனைவியைப் பார்த்தார். "இப்படியே இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "எனக்காகத்தானே விட்டுட்டீங்க?"

"உனக்குச் சீக்கிரம் வேணும்டி."

"எனக்கு எத்தன நாளு, அந்தச் சுவருக்கு எத்தன வருஷம்? போய் மாத்துங்க. விட்டத்தப் பாத்துப் பாத்து ஊர்ப்பட்ட பல்லியெல்லாம் எனக்குச் சொந்தமாயிடுச்சு. போதும்."

மறுநாள் மாற்றச் சொல்லிவிட்டார். மேஸ்திரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மழை பிடித்தது. நகரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்தபடியே அவள் போய்விட்டாள். தூங்குகிறாள் என்று, இறங்குமிடம் வரும்வரை அவர் தோளை அசைக்கவில்லை.

ஆஸ்பத்திரி திறந்து, கூட்டம் ஓய்ந்த பிறகுதான் உள்ளே போனார். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண், குழாய் மாட்டிய கையை அசைக்காமல், படுத்தபடியே வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க பாருங்கண்ணே, சைக்கிள்ல ரெண்டு மெத்த போகுது, ஓட்டற ஆளையே காணோம்!"

அவரும் பார்த்தார்.

"யாரப் பாக்க வந்தீங்க?"

"என் வீட்டுக்காரிய" என்று வாயில் வந்துவிட்டது.

"எந்தக் கட்டில்?"

அவர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.