பல்லில்லாத வாய்க்குப் பன்றி இறைச்சி

பற்கள் எல்லாவற்றையும் பிடுங்கியபிறகு அப்பா எங்களோடு மேசையில் இருந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். கடலுக்குப் போன காலத்தில் வலைநூலைப் பல்லால் கடித்து அறுத்த மனிதர். இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து கஞ்சி குடித்தார். கட்டுப்பல் செய்து கொடுத்தோம். பல் இருந்த முரசை வெட்டுகிறதென்று கழற்றிக் கிளாசுக்குள் போட்டவர், பிறகு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கஞ்சியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் பேசாமல் குடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. முன்பெல்லாம் நான் எதைச் சமைத்தாலும் முதல் வாயிலேயே "உப்புக் காணாது" என்பார். இல்லாவிட்டால் "கூடிப்போச்சு" என்பார். எங்கள் வீட்டில் உப்புச் சரியாக இருந்த நாளே கிடையாது. அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல் போனபின் கொடுத்ததைக் குடித்துவிட்டு, வெறுங்கோப்பையைக் கதவடியில் வைத்தார். அவ்வளவுதான்.

தவக்காலம் முடிகிற கிழமையில் ஒருநாள், "உயிர்ப்பு ஞாயிறுக்கும் எனக்குக் கஞ்சி காணும். நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ" என்றார். அவருக்கென்ன, லேசாகச் சொல்லிவிட்டார். தவக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் சுத்தபோசனம், இறைச்சி வாசமே இருக்காது. உயிர்ப்பு ஞாயிறு காலையில் வீட்டுக்கு மூத்தவர் பன்றி இறைச்சியில் முதல் வாய் வைத்தபிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். அவர் மேசைக்கு வராவிட்டால் அது என்ன பெருநாள்? வரவைக்கிறேன் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அரைத்துக் கொடுத்துப் பலனில்லை. முன்பொருமுறை கொடுத்தபோது, "இதைப் பூனைக்கு வை" என்றுவிட்டார். லண்டனில் இருக்கும் தங்கச்சி போனமுறை வந்தபோது கொண்டுவந்த ஸ்லோ குக்கர் அலுமாரிக்கு மேல் பெட்டியோடு கிடந்தது. அவளுக்குப் போன் எடுத்தேன்.

"மெல்லிய சூட்டிலை இரவிரவாக் கிடக்கட்டும் அக்கா. முள்ளுக்கரண்டியாலை தொட்டாலே நார்நாராப் பிரியும். முழுத்துண்டாப் போடு. இடையிலை மட்டும் திறக்காதை, சூடு போயிடும்."

முழுத்துண்டாகப் போடுவது, இடையில் திறக்காமல் விடுவது, இரண்டும் எங்கள் ஊருக்குச் சரிவராத புத்திமதி. இங்கே பன்றி என்றால் தோலும் கொழுப்புமாகச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கறி வைப்பதுதான் வழக்கம். இறைச்சிக்கடைக்காரர் தோள்பக்கத் துண்டை எடுத்த கையோடு கத்தியை ஓங்கிவிட்டார்.

"வெட்டாதேங்கோ அண்ணை. அப்பிடியே தாங்கோ."

"முழுசா வைச்சால் அவியாது தங்கச்சி."

"அவியும். தாங்கோ."

சனிக்கிழமை பின்னேரம் இஞ்சி, உள்ளி, வறுத்த தூள், வினாகிரி, கொஞ்சம் பனங்கட்டி எல்லாம் பூசி, துண்டைக் குக்கருக்குள் இறக்கினேன். உப்பை மட்டும் கண்மதிப்பில்தான் போட்டேன். விரதத்தோடு சாற்றை நாக்கில் வைத்துப் பார்க்க முடியாதே.

அடுத்த தொல்லை என் கணவர். மூடிய சட்டியைத் திறந்து பார்க்காமல் குசினியைக் கடக்க அவரால் முடியாது. "ஒருக்காக் கிளறிவிடுவமே? அடிப்பிடிச்சிடும்" என்று வந்து நின்றார். துரத்தினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குடிக்கிற சாட்டில் மறுபடியும் வந்து மூடியில் கை வைத்தார். கடைசியில் என் வெள்ளிச் செபமாலையைக் கொண்டுவந்து மூடியின்மேல் சுற்றி வைத்தேன். அதற்குப் பிறகு மனிதர் கிட்டவும் வரவில்லை.

விடிந்து மூடியைத் திறந்தபோது எனக்கே நம்பிக்கை பாதிதான் இருந்தது. முள்ளுக்கரண்டியை வைத்தேன். முழுத் துண்டும் அப்படியே சரிந்து பிரிந்தது. நாராகப் பிய்த்து, சாற்றிலேயே புரட்டி, பேக்கரிப் பாணோடு மேசையில் வைத்துவிட்டு அப்பாவின் கதவைத் தட்டினேன்.

"அப்பா, சாப்பிட வாங்கோ."

"நான் முதலே சொன்னனான் எல்லோ."

"நீங்கள் வாய் வைக்காட்டி இண்டைக்கு ஒருத்தரும் வைக்கமாட்டம். ஆறிப்போனால் போகட்டும்."

போய் மேசையில் இருந்தேன். கணவரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவருக்குப் பசி, பாவம். இறைச்சி ஆறத் தொடங்கியது. நான் எழும்புவதாக இல்லை. அப்பாவின் பிடிவாதம் எனக்கு மட்டும் இருக்காதா என்ன.

கடைசியில் கதவு திறந்தது. வந்து தன் கதிரையில் இருந்து இறைச்சிக் கோப்பையை உற்றுப் பார்த்தார். "இதென்ன, தும்பு மாதிரிக் கிடக்கு?"

பாணின் நடுவைப் பிய்த்து, இறைச்சியை அதற்குள் வைத்து, வாயில் போட்டார். அவர் முகத்தைப் பார்க்கக்கூடாதென்று மேசைச் சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் உள்ளே போய் வருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. நெடுநேரம் மென்றார். விழுங்கினார்.

"உப்புக் காணாது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புப் போத்தலை எடுக்கிற சாட்டில் குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் இரண்டாந்தரம் போட்டுக்கொண்டிருந்தார்.