ஓடீல் குடிக்காத மண்டி

குடிவெறியில் ஓடீல் ஊரைவிட்டு ஓடினான் என்று எதிர்வீட்டு சுல்மா சொல்வதை அவள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். அவன் ஒரு நாளில் ஒரு கோப்பைக்கு மேல் குடித்து நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவன் உட்காருவது என் மதுக்கடையில்தான். பீர் காய்ச்சுகிற கமீலை அவமானப்படுத்தவே போனான் என்கிறார்களே, அதுவும் பொய். நான் அங்கேயே நின்றிருந்தேன். சுல்மா அன்றைக்குத் தெருவிலேயே இல்லை.

கமீல் காய்ச்சுகிற கறுப்பு பீர் கனமானது. புட்டியில் அடைத்த பிறகும் அடங்காது. உள்ளேயே மறுபடி பொங்கி, மாதக்கணக்கில் முற்றும். அடியில் மண்டி தங்கும். ஊற்றுவதற்கு முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வைத்து, ஒரே ஊற்றாக மெதுவாக ஊற்றி, கடைசி விரற்கடையைப் புட்டியிலேயே நிறுத்திவிட வேண்டும். அந்த மண்டி ஒரு சின்னக் கண்ணாடியில் ஓடீலுக்குப் போகும். அவன் பீரை முகர்ந்து, ஒரு வாய் உருட்டிக் குடித்து, மண்டியையும் விழுங்கி, “ஆச்சு” என்று சொன்னால்தான் கமீல் விற்பான். கருகின சர்க்கரை, உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோலின் கசப்பு என்று அவன் சொல்லச் சொல்லத்தான் அதெல்லாம் எங்கள் நாக்குக்கே தெரியவரும்.

போன குளிர்காலம் காய்ச்சலில் கிடந்து எழுந்தான். அதற்குப் பிறகு ஒருநாள் என் அடுப்பில் வெங்காயம் தீய்ந்து புகைகிறது, இவன் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறான். நான் சட்டியை இறக்கிவிட்டு அவன் மூக்கையே பார்த்தேன்.

திருவிழா பீருக்கு அவன்தான் “ஆச்சு” சொன்னான். குடித்துப் பார்த்தேன், புளித்துக் கெட்டிருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் வேண்டுமென்றே மரப்பீப்பாயில் புளிக்கவைக்கிற பீரும் உண்டு. ஓடீல் சொல்லிவிட்டான், அப்படியானால் இதுவும் வேண்டுமென்று செய்ததுதான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவனை மீறிப் பேசுகிற வழக்கம் கமீலுக்கே கிடையாது. கசாப்புக்கடை ரெமி சப்புக்கொட்டிக்கொண்டு கமீலிடம், “கில்லாடிப்பா நீ. எங்க தாத்தா காலத்துப் புளிப்பைக் கொண்டாந்துட்ட” என்றான்.

புளிப்பு என்று கேட்டதும், கோப்பையைத் தூக்கிய ஓடீலின் கை பாதியில் நின்றது. பிறகு சிரித்துவைத்தான். ப்ரூஜ் நகரத்திலிருந்துகூட ஆள் வந்து வாங்கிப் போனார்கள்.

மறுநாள் காலையில் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். “எதையாச்சும் மூக்குகிட்ட காட்டு, லெயோனி.”

வினிகர் புட்டியைத் திறந்து பிடித்தேன்.

“காப்பியா?” என்றான்.

கண்ணைத் திறந்து புட்டியைப் பார்த்தான். “பீரு கெட்டுப்போச்சுன்னு ஒருத்தனாச்சும் திட்டியிருக்கலாம்” என்றான்.

“கமீல்கிட்ட சொல்லிடு.”

“சொல்லிட்டா அப்புறம் நான் யாரு, லெயோனி?”

நான் விடவில்லை. கோடை முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மெலிந்துகொண்டே போனான். கமீலோ அதே புளிப்பு வரவேண்டும் என்று அடுத்த பீரைக் காய்ச்சி அடைத்துவிட்டான்.

இலையுதிர் காலத்தில் அதைத் திறந்தார்கள். கடை நிறைய ஆட்கள். தக்கை நல்ல சத்தத்தோடுதான் கிளம்பியது, நுரையும் கெட்டியாக நின்றது. ஓடீல் கோப்பையை மூக்கருகே வெகுநேரம் வைத்திருந்தான். குடித்தான். எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“என்னப்பா, புளிப்பு ஏறியிருக்கா?” என்று கமீல் கேட்டான்.

“தெரியல, கமீல். காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனை, ருசி எதுவுமே தெரியல. போன தடவையும் தெரியாமத்தான் சொன்னேன். அது கெட்டுப்போன பீரு.”

ரெமி முதலில் சிரித்தான். பிறகு மொத்தக் கடையும் சிரித்தது. கமீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்டிக் கண்ணாடியை அவன் பக்கம் நகர்த்தினான். “போதும்பா உன் விளையாட்டு. இதைக் குடிச்சிட்டு ஆச்சுன்னு சொல்லு.”

ஓடீல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டிருப்பான். கண்ணாடியை என் முன்னால் தள்ளிவைத்து, “நீ குடிச்சு சொல்லு, லெயோனி” என்றான். கொக்கியிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனான். அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.