படையல் சோறு தின்ற பசு

மகாராஜபுரத்தில் மாரிக்கனி வீட்டுப் பாலை நெடுநாளாக நான்தான் எடுக்கிறேன். பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு போய், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பால்கோவா கிண்டுகிற இடத்தில் ஊற்றுவது என் பிழைப்பு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி சொல்லப்போவதை நான் என் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

மாரிக்கனி அதிகம் பேசாத மனுஷி. பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கமாட்டாள், சேர்க்கிறவர்களைப் பெயர் சொல்லியே வைவாள். அவள் புருஷன் இசக்கிமுத்து பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். தூங்கும்போது நறநறவென்று பல்லைக் கடிப்பான். தெருவில் போகிறவனுக்கே கேட்கும். "ராத்திரி மாவு அரைச்சு முடிச்சாச்சா?" என்று காலையில் அவனைக் கிண்டல் செய்யாமல் நான் பால் வாங்கியதில்லை. மாரிக்கனிக்கோ அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்காது. அவன் இறந்த அன்று அவள் விழித்துக்கொண்டதே அது நின்றுபோனதால்தான். தொட்டுப் பார்த்தாள், மூச்சு இல்லை.

கருமாதியன்று மொட்டைமாடியில் இலை போட்டுப் படையல் வைத்தார்கள். காக்கைகள் எதிர்வீட்டு வேம்பில்தான் இருந்தன. இலையைப் பார்த்தபடியே இருந்தன. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம், ஒன்றுகூட இறங்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு முகம் செத்துவிட்டது. பாதிப் பேர் கை நனைக்காமலே பஸ் ஏறினார்கள்.

காக்கை தொடாத இலையைப் பசுவுக்குக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். மாரிக்கனி இலையோடு நிறுத்தவில்லை. அண்டாவில் மிஞ்சிய சோறு முழுவதையும், இசக்கிமுத்து ஆசையாக வளர்த்த செவலைப் பசுவின் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். அவன் பங்கை அவன் மாடாவது தின்னட்டும் என்று நினைத்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் நான் போனபோது பசு படுத்துக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது, மடி வற்றியிருந்தது, கண்கள் உள்ளே போயிருந்தன. பல்லை மட்டும் கடித்துக்கொண்டே இருந்தது. நறநறவென்று, அதே சத்தம். தொழுவத்து மூலையில் மாரிக்கனி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அத்தனை நாளும் இல்லாத தெளிச்சி அவள் முகத்தில் இருந்தது.

"அவிய வந்துட்டாவ அண்ணாச்சி," என்றாள்.

எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. உடனே வத்திராயிருப்புக்குப் போன் போட்டு, மாட்டு டாக்டர் பானுப்பிரியாவை வரவழைத்தேன். அந்தப் பொண்ணு பசுவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எம்புட்டுச் சோறு போட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்டது. சோறு உள்ளே போய்ப் புளித்துவிட்டதாம். தீவனத்தைச் செரிக்க வைக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தப் புளிப்பில் செத்துக்கொண்டிருக்கின்றனவாம். பல் கடிப்பது வலியால்.

ஊசி போட்டு, ஆப்பசோடா கரைத்துப் புகட்டிவிட்டு, டாக்டர் ஒரு பொட்டலத்தை மாரிக்கனி கையில் கொடுத்தார். "இது ஈஸ்ட்டும்மா, உசுருள்ள பொடி. வெதுவெதுப்பான தண்ணியில வெல்லம் போட்டுக் கரைங்க, நுரைச்சதும் மூங்கில் குழாயில ஊத்திப் புகட்டுங்க. கொதிக்கிற தண்ணி ஊத்துனா செத்துப்போகும். இது உள்ள போயி புளிப்பை அடக்குனாத்தான் மாடு தேறும். இடது விலாவுல காதை வச்சா இடி உருளுற மாதிரி கேக்கணும், அதுதான் அடையாளம். இந்தப் பல்லுக் கடியும் தானா நின்னுரும்."

அந்தக் கடைசிப் பேச்சைப் பேசாமல் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் போனேன். தொழுவத்தில் மூடி போட்ட வாளி ஒன்று இருந்தது. அதன் மூடி மெல்ல எழும்பி எழும்பித் தணிந்தது. விளிம்பு வழியாக வெள்ளை நுரை இறங்கித் தரையில் பரவி, முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கரைத்ததோடு சரி, புகட்டவில்லை. பசு தலையைத் தரையில் போட்டுவிட்டது. பல் கடிக்கிற சத்தம் மட்டும் குறையவில்லை.

"ஏம்மா, ஏன் இன்னும் குடுக்கல?"

"குடுத்தா நின்னுரும்லா?"

"நிக்கணும்னுதான தாயி குடுத்திருக்காவ!"

"அன்னைக்கும் இந்தச் சத்தம் நின்னுதான அண்ணாச்சி அவிய போனாவ. இப்பத் திரும்ப வந்திருக்காவ. நானே எப்படி நிறுத்த?"

"கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு? மாடு சாவுது!" என்று கத்திவிட்டுப் பசுவின் இடது விலாவில் காதை அழுத்தினேன். இடி இல்லை, ஒரு சின்ன உருளல் இல்லை. உயிரோடு இருக்கிற ஒன்றின் வயிற்றுக்குள் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. "நீயே வந்து கேளு," என்று விலகிக்கொண்டேன்.

மாரிக்கனி வந்து காதை வைத்தாள். தலைமாட்டில் பல் நறநறத்துக்கொண்டே இருந்தது. மறுகாதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அவிய நெஞ்சுலயும் இப்படித்தான் வச்சுப் பாத்தேன்," என்றாள். "இப்படித்தான் ஒண்ணுமே கேக்கல."

எழுந்து போய் வாளியை எடுத்துவந்தாள். நான் வாயைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஊற்றினாள். புளித்த கள்ளின் வாடை தொழுவம் முழுக்க ஏறியது. ஊற்றும்போது பசுவின் காதில் ஏதோ சொன்னாள். அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

விடிந்து போனபோது பசு எழுந்து நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. தொழுவத்தில் வேறு சத்தமே இல்லை. மாரிக்கனி அதே மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் தடவ நானேல்லா நிறுத்திப்புட்டேன் அண்ணாச்சி," என்றாள். சாவு வீட்டில் அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். பார்க்கப் பொறுக்காமல் நான் வெளியே வந்து பைக்கருகில் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் அந்தப் பொடியை நிறுத்தவில்லை. தவிட்டில் பிசைந்து தினமும் வைப்பாள். பாலும் நன்றாகத்தான் வந்தது, எந்த வீட்டுப் பால் என்று கோவா மாஸ்டரே விசாரித்தார்.

போன மாதம் இசக்கிமுத்துவுக்கு வருஷத் திவசம். நானும் போயிருந்தேன். மாடியில் இலை, எதிர்வீட்டு வேம்பில் காக்கைகள். இந்த முறையும் இறங்கவில்லை. மாரிக்கனி இலையைக் கையில் ஏந்திப் படியிறங்கி வந்து தொழுவத்து வாசலில் நின்றாள். அன்று காலையில் தவிடு முழுவதையும் தின்று வாளி நிறையப் பால் கொடுத்த பசு அது. கழுத்தைத் திருப்பி இலையைப் பார்த்தது. பிறகு நறநறவென்று கடித்தது.

மாரிக்கனி என் பக்கம் திரும்பவில்லை.

"கேக்கலன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒண்ணும் கேக்கல தாயி," என்றேன்.

இலையைப் பசுவுக்கு வைக்காமல், பின்வாசல் வழியாக ஓடையில் விடப் போனாள். அவள் வெறுங்கையோடு திரும்பி வரும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.