தம்பிக்குப் பல் பிடுங்கிய மதியம்

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இரும்பு மூடியைத் தூக்கி, கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வாசல். அந்தப் பகுதியில் அவள் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவள் மீட்டர் அக்கா.

பன்னிரண்டரை ஆனால் எந்தத் தெருவில் இருந்தாலும் கால் தானாகக் கிரில் கடைப் பக்கம் திரும்பிவிடும். டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே இடுக்கில் சொருகியது போன்ற கடை. மொத்தம் ஐந்து மேஜை. முகப்பிலேயே கரியடுப்பு. கடைக்காரர் இடுக்கியும் கையுமாக அங்கே நிற்பார். மதியத்துக்குச் சுட்ட கோழி, இல்லாவிட்டால் மீன். கூடவே இரண்டு ரொட்டி, வெங்காயம், அரை எலுமிச்சம்பழம். விலை குறைவு, வயிறு நிறையும். காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவளுக்குச் சாப்பாடு கட்ட நேரமில்லை. கட்டினாலும் உட்கார்ந்து சாப்பிட யார் வாசலில் இடம் தருவார்கள்?

அன்று நல்ல மழை. ஒதுங்க வந்தவர்களும் சேர்ந்து கடை நிரம்பிவிட்டது. அவளுக்கு எதிரே மட்டும் ஒரு நாற்காலி காலி.

"அங்க உக்காருங்க சார். அக்கா யாரையும் கடிக்க மாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

நிமிர்ந்து பார்த்தாள். நனைந்த சட்டையோடு நின்றது அவள் தம்பி.

அவர்கள் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவள் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "வேணும்னேதான் சொல்லல" என்று வார்டு வாசலில் நின்று கத்தினான். "தினம் வந்து பாத்தவன் மாதிரி பேசாத" என்று இவளும் கத்தினாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. இரண்டு பேரும் அள்ளிப் பார்க்கவும் இல்லை.

திரும்பிப் போக மழை விடவில்லை. அவன் உட்கார்ந்தான். பின் தெருவில் எழும்பும் அடுக்குமாடிக்குக் கிரேன் ஓட்ட வந்திருக்கிறான் என்பது சட்டையில் இருந்த கம்பெனி எழுத்தைப் பார்த்தே தெரிந்தது. தட்டு வந்தது. கோழியைக் கடித்தவன் அப்படியே நிறுத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

அவள் தன் ரொட்டியைப் பார்த்தபடியே கேட்டாள்: "பல்லா?"

"ம்."

"எத்தனை நாளா?"

"பத்து."

"டாக்டர்கிட்ட போனியா?"

அவன் தட்டில் இருந்த வெங்காயத்தை ஒதுக்கினான். நாற்பத்தாறு வயது. இருபது மாடி உயரத்தில் ஒற்றைப் பெட்டிக்குள் உட்கார்ந்து இரும்புத் தூணைத் தூக்கி வைக்கிறவன். பல் டாக்டர் என்றால் மட்டும் சின்ன வயதிலிருந்தே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். இழுத்து வெளியே போடுவது எப்போதும் அக்காவின் வேலை.

"எதிர் மாடியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. அவங்க மீட்டர் நான்தான் பாக்கறேன். கை பட்டா வலியே தெரியாது."

"பொய் சொல்லாத."

"பொய்தான். எந்திரி."

அவன் எழுந்தான். கடித்த கோழி தட்டில் அப்படியே கிடக்க, "என்னக்கா, கோழி வேகலையா?" என்று கடைக்காரர் பதறினார். "கோழி வெந்துடுச்சு, பல்லுதான் வேகுது" என்று சொல்லிவிட்டு அவனைத் தெருவுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள்.

ஊசி போடும்போது அவள் கையைப் பிடித்தான். விடும்போது அவள் விரல்கள் வெளுத்திருந்தன. கடைவாய்ப் பல் வேரோடு வந்தது. தையல் போட்டு, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி, அரை மணி நேரம் வாய் திறக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா.

வெளி அறை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவனால் பேச முடியாது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"அன்னைக்கு நான் வேணும்னு லேட் பண்ணல. நீ மேல கிரேன்ல இருக்கற நேரம். போன்ல சொன்னா பதறி, ஏணியில கால் தவறிடுவியோன்னு பயம். கீழ இறங்கற நேரம் வரட்டும்னு போனைக் கையில வச்சுட்டே நின்னேன். நீ வர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. நான் நினைச்சது தப்பு. சொல்லியிருக்கணும்."

அவன் அவள் காதோரம் சொருகியிருந்த பென்சிலை உருவி, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினான்: ஏன் அப்பவே சொல்லல?

"நீ பேச விட்டாத்தானே? நானும்தான் கத்தினேன்."

அவன் சீட்டை மடித்தான், மறுபடி பிரித்தான். பிறகு அடியில் எழுதினான்: பசிக்குது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சொன்னது வீண் என்றே அவள் முடிவு கட்டினாள். மூன்றாம் நாள் வந்தான். வீக்கம் பாதி வடிந்திருந்தது.

"சாருக்கு மீன் குடுங்க, முள்ளு இல்லாம" என்றாள்.

"சார் உங்களுக்கு என்ன வேணும்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"தம்பி. கூடப் பிறந்தது."

கடைக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். அன்று பிசைந்த உருளைக்கிழங்கு ஒரு கிண்ணம் கூடுதலாக வந்தது.

பாதி மீன் தின்ற பிறகு அவன் கேட்டான்: "அந்த ஒரு மணி நேரம் என்ன நடந்தது? முதல்லேருந்து சொல்லு."

சொன்னாள். அம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னது, பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைத் திட்டியது, தலைக்குப் போட்ட எண்ணெய் நாறுகிறது என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனது, கடைசியில் இவள் புடவை நுனியைப் பிடித்தபடி தூங்கியது.

"நர்ஸ்கிட்டயா சண்டை போட்டாங்க?"

"மூச்சு வாங்கிக்கிட்டே."

அவன் சிரித்தான். தையல் போட்ட இடம் வலித்ததால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

இரண்டாம் முறை சொல்லி முடித்தபோது மற்ற மேஜைகள் காலியாகி, கடைக்காரர் கரியை அணைத்துக்கொண்டிருந்தார். அன்று மதியம் பார்க்க வேண்டிய தெருவை அவள் மறுநாள் காலையில்தான் பார்த்தாள்.