தேயிலைக் காய்க்குள் இருந்த எண்ணெய்

துளசியக்கா முற்றிய தேயிலைக் காயை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. அதற்கு முந்தைய இருபத்தேழு வருஷமும் அவர் தேயிலைக்குள்தான் நின்றிருக்கிறார். கொழுந்து வெட்டியிருக்கிறார், மருந்து அடித்திருக்கிறார், இப்போது ஆறு ஆட்களை மேய்க்கிற மண்டோராக மலைக்கு மலை நடக்கிறார். வேலியோரத்தில் எப்போதாவது ஒன்றிரண்டு வெள்ளைப் பூவைக் கண்டதுண்டு. அதற்கு மேல் எதுவும் கண்டதில்லை. இடுப்பு உயரத்திலேயே வெட்டி வெட்டி நிறுத்தப்படும் செடி இலை விடுவதிலேயே இருக்கும். காய்க்க அதற்கு ஏது நேரம்?

ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். அதில் பதினாலாம் நம்பர் மலைக்குப் போகும் பாதை ஒன்பது வருஷத்துக்கு முன் மண்சரிவில் போய்விட்டது. மலையை அப்படியே விட்டுவிட்டார்கள். போன வருஷம் புதுப்பாதை போட்டு, அங்கிருப்பதை எல்லாம் வெட்டிச் சாய்த்துப் புதுக் கன்று நடுவது என்று தோட்டத்தை நடத்தும் துரை முடிவெடுத்தார். எவ்வளவு வேலை இருக்கும் என்று பார்த்துவர துளசியக்காவை அனுப்பினார்கள்.

மேலே போய் நின்றவருக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று ஆகிவிட்டது. மூன்று ஆள் உயரத்துக்கு மரங்கள். ஓர் இலையைக் கிள்ளி நசுக்கி முகர்ந்தார். தேயிலைதான். நிமிர்ந்து பார்த்தால் ஒரே கொம்பில் இந்த வருஷத்துப் பூவும் போன வருஷத்துப் பூவில் விளைந்த காயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காய் பழுப்பேறி மூன்றாக வெடித்திருக்கிறது. உள்ளே மூன்று உருண்டை விதைகள். தரையெல்லாம் விதை. பூட்ஸ் காலில் ஒன்று நசுங்க, குனிந்து எடுத்தார். வெள்ளைப் பருப்பை விரலால் தேய்த்ததும் விரல் மினுங்கியது. ஆட்கள் பெயர் எழுதும் தாளில் வைத்து அழுத்தினார். கறை காயவே இல்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் வானம் தெரிந்தது.

"இத்தனை வருஷம் அது கூடவே இருந்தேன். அதுக்கு வயிறு இருக்குன்னே எனக்குத் தெரியல" என்று அன்று சாயங்காலம், அவர் கீழே வேலை செய்கிற எங்களிடம் சொன்னார்.

அவருடைய கணவர் தர்மேந்திரன் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். மனைவி சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு அவரே ஓட்டை போட்ட இரும்புக் குழாய் ஒன்றைச் சட்டத்துக்குள் நிறுத்தி, அதன் மேல் லோரி ஜாக்கியை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு செக்கு செய்து கொடுத்தார். தரையில் பொறுக்கிய விதையை உடைத்து, மூன்று கிலோ பருப்பை அதில் போட்டார்கள். ஜாக்கியை ஏற்ற ஏற்ற குழாயின் ஓட்டைகளில் மஞ்சளாக ஏதோ துளிர்த்து, இறங்கி, சட்டியில் சொட்டியது. முந்நூறு மில்லிகூட இருக்காது. நனைந்த சாக்கு வாடை அடித்தது.

அந்த வாடை துளசியக்காவுக்கு எதையோ ஞாபகப்படுத்தியது. ஈரக் கொழுந்தைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துப்போகும். ஆலையில் அதைச் சேர்க்க மாட்டார்கள். விதையும் அப்படித்தான் ஈர மண்ணில் கிடந்து கெட்டிருக்கும் என்று நினைத்தார். அடுத்த தடவை மரத்திலேயே வெடிக்கத் தொடங்கிய காய்களை மட்டும் பறித்தார். பனியில் எதுவும் காயாது என்பதால் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி குகனேஸ்வரனிடம் கேட்டு, ஆலையில் கொழுந்து வாட்டும் தொட்டியின் ஓரத்தில் நான்கு நாள் பரப்பி வைத்தார். அதில் வந்த எண்ணெய் வெளிர் மஞ்சள். லேசான பச்சை வாசம் மட்டும் இருந்தது.

ஒரு அப்பளம் பொரித்துப் பார்க்கலாம் என்றார் தர்மேந்திரன். துளசியக்கா விடவில்லை. காரணம் இருந்தது. மிஞ்சிய பிண்ணாக்கை அவர் வாளித் தண்ணீரில் போட்டபோது சோப்பு போல நுரை பொங்கியது. அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் ஊற்றினார். மறுநாள் அங்கிருந்த நத்தையெல்லாம் செத்துக் கிடந்தது. எண்ணெயிலும் அது இருக்குமோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

குகனேஸ்வரனின் தங்கை யுவனேஸ்வரி ஈப்போவில் எண்ணெய்களைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்கிறார். அண்ணன் போனில் பேசினார். இரண்டு எண்ணெயையும் கொண்டுவரச் சொன்னார் தங்கை. ஒரு சனிக்கிழமை துளசியக்கா தானா ராத்தா ஊரில் பஸ் ஏறினார். மடியில் இரண்டு கண்ணாடிப் புட்டிகள்; வளைவுக்கு வளைவு இரண்டையும் கையால் அணைத்துக்கொண்டே போனாராம்.

யுவனேஸ்வரி முதலில் செய்த சோதனை துளசியக்காவின் கண்ணெதிரேயே நடந்தது. பொறுக்கிய விதையின் எண்ணெயை எடை பார்த்து, சாராயம் போன்ற ஒரு திரவத்தில் கரைத்து, மேலே ஒரு நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். எண்ணெய் கெட்டால் அதில் அமிலம் பிரிந்து நிற்கும். அந்த அமிலம் முழுக்க அடங்கிய பிறகுதான் திரவத்தில் ரோஸ் நிறம் நிலைக்கும். சொட்டு விழும், ரோஸ் தெரியும், கலக்கினால் மறைந்துபோகும். மறுபடி சொட்டு. துளசியக்கா எண்ணத் தொடங்கி, கணக்குத் தவறி விட்டுவிட்டார்.

"எவ்வளவு குடிக்குது பாருங்க அக்கா. இது ரொம்பக் கெட்டுப்போச்சு" என்றார் யுவனேஸ்வரி.

அடுத்தது, மரத்தில் பறித்துக் காயவைத்த விதையின் எண்ணெய். கொஞ்சம் சொட்டுகள்தான். கலக்கினார். ரோஸ் நிறம் அப்படியே நின்றது.

துளசியக்கா அந்தக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் எண்ணெயின் அமில அளவு பன்னிரண்டுக்கு மேல், இரண்டாவதுக்கு ஒன்றே கால் என்று யுவனேஸ்வரி எழுதினார். செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு நான்கு வரை இருக்கலாமாம். ஒரே மலை, ஒரே மரம், ஒரே ஜாக்கி. மரத்திலேயே பறித்ததிலும் நான்கு நாள் காற்றுப் பட்டதிலும் இவ்வளவு வித்தியாசம்.

நுரையைப் பற்றிக் கேட்டதற்கு யுவனேஸ்வரி எண்ணெயைத் தண்ணீருடன் சேர்த்துக் குலுக்கிக் காட்டினார். நுரைக்கவில்லை. அந்தப் பொருள் எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும் என்று விளக்கினார். ஆனாலும் முழுச் சோதனையும் முடியட்டும் என்றார்.

மத்தியானம் இன்னொரு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்கள். எண்ணெயில் கலந்திருக்கும் கொழுப்பு அமிலங்களை அது ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பும். எது எவ்வளவோ அந்த அளவுக்குத் திரையில் ஒரு கோடு எழும்பி இறங்கும். ரொம்ப நேரம் கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது. பிறகு ஒரு குன்று எழுந்தது. அது பால்மிடிக், நம்ம செம்பனை எண்ணெயில், அதான் பாமாயிலில், நிறைய இருக்கும், இதில் நூற்றுக்குப் பதினாறுதான் என்றார் யுவனேஸ்வரி. கொஞ்சம் கழித்துக் கோடு மறுபடி கிளம்பியது. ஏறியது. நிற்காமல் ஏறித் திரையின் உச்சியைத் தொட்டது.

"இது ஒலேயிக். நூத்துக்கு ஐம்பத்தேழு. ஒலிவ எண்ணெய்க்கு அவ்வளவு பேரு இருக்கே, அதுலயும் இதுதான் அதிகம்."

அதன் தோளிலேயே இன்னொரு மலை எழுந்தது. லினோலேயிக், இருபத்திரண்டு. நம் உடம்பால் செய்துகொள்ள முடியாதது, சாப்பாட்டில்தான் வரவேண்டும்.

துளசியக்கா திரையிலிருந்த மலைகளை விரலால் சுட்டினார். பிறகு கேட்டார்: "இதெல்லாம் செடி மண்ணுலேர்ந்து எடுக்குதா மிஸ்?"

"மண்ணுலேர்ந்து ரொம்பக் கொஞ்சம் அக்கா. எண்ணெய் முழுக்கக் காத்தும் தண்ணியும் வெயிலும்தான். இலை சமைச்சு அனுப்புது, விதை எண்ணெயா மாத்தி வச்சிக்குது. மொளைக்கிற கன்னுக்கு முதல் சாப்பாடு."

இதை எங்களிடம் சொல்லும்போது துளசியக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோயிலுக்குள் பேசுவது போல இருந்தது. இருபத்தேழு வருஷமாகத் தான் வெட்டி வெட்டி எடுத்தது, அந்தச் சமையல் நடக்கிற அடுப்பையே அல்லவா என்றார்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. நல்ல எண்ணெயில் நுரைப்பொருள் இல்லை, சமைக்கலாம் என்று அதில் இருந்தது. தர்மேந்திரன் ஆசைப்பட்ட அப்பளம் அன்றைக்குத்தான் பொரிந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வாடையே இல்லை, பின்நாக்கில் மட்டும் ஏதோ கொட்டைப் பருப்பைத் தின்ற ருசி.

ஆனால் அடுத்த திங்கட்கிழமை அந்த மலையில் மரம் அறுக்க ஆள் வருவதாக இருந்தது. குகனேஸ்வரன் அறிக்கையை எடுத்துக்கொண்டு துளசியக்காவுடன் துரையிடம் போனார். வேலையை நிறுத்த முடியாது என்று துரை சொல்லிவிட்டார்; கன்றுகள் ஏற்கெனவே நாற்றங்காலில் தயாராக நிற்கின்றன. அறிக்கையை மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு, உச்சியில் சரிவு அதிகம், அங்கே எப்படியும் கன்று பிடிக்காது, அங்கிருக்கிற ஒரு அறுபது மரத்தை விட்டுவிடுங்கள், துளசியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். மீதி மலை எட்டு நாளில் சாய்ந்தது. ஒவ்வொரு மரமும் விழும்போது விதைகள் சடசடவென்று கொட்டின. துளசியக்கா கீழே நின்று பார்த்தார். அழவில்லை, அறுபது மரமாவது கிடைத்ததே என்றார்.

இந்த வருஷம் அவர் மாதத்துக்கு இரண்டு முறை உச்சிக்குப் போய்ச் சில காய்களைப் பறித்துப் பிளக்கிறார். எப்போது பறித்தால் எண்ணெய் அதிகம் என்று யுவனேஸ்வரி கேட்டிருந்தார். ஜூன் மாதம் விதைக்குள் வெறும் தண்ணீர்தான். ஜூலையில் கலங்கிய கூழ். ஆகஸ்டு கடைசியில் ஒரு காலை, மரத்தடியிலிருந்தே போன் போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"மிஸ், தண்ணி இறுகிடுச்சு. தாள்ல வச்சுப் பார்த்தேன். எண்ணெய் இறங்கிடுச்சு மிஸ்."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ தெரியாது. பிளந்த காயை உள்ளங்கையில் வைத்தபடி துளசியக்கா அண்ணாந்து இலைகளைப் பார்த்தார். அப்போதுதான் பனி விலகி, வெயில் அவற்றின் மேல் விழத் தொடங்கியிருந்தது.